ரிப்போர்ட்டில் ஒரு வரி: ஹெர்-2

நேயர்களுக்கு வணக்கம். பயாப்ஸி எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் நான். மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் ‘ஹெர்-2’ என்று ஒரு வரி இருக்கும். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஹெர்-2 ஒரு புரதம். மார்பகச் செல்லின் மேற்பரப்பில் இருந்துகொண்டு, ‘வளர்’ என்ற செய்தியை உள்ளே அனுப்பும். சாதாரணச் செல்லில் சில பத்தாயிரம்தான் இருக்கும். சிலருடைய கட்டியில் அதன் மரபணு பல பிரதிகளாகப் பெருகி, ஒரே செல்லில் 20 லட்சம் வரை போய்விடும். காலிங் பெல் சுவிட்ச் உள்ளேயே சிக்கிக்கொண்டால் வாசலில் ஆளே இல்லாமல் மணி அடிக்குமே, அந்த நிலைதான்.

கவனமாகக் கேளுங்கள், செல் பெருகுவதோடு இது நிற்பதில்லை. பக்கத்துச் செல்லோடு இருந்த பிடிப்பு தளர்கிறது. இடம் பெயர்ந்த மார்பகச் செல் இயல்பாகச் செத்துவிட வேண்டும். ஹெர்-2 செய்தி அதைச் சாகவிடுவதில்லை. அப்படித்தான் அக்குளில் நெறி கட்டுகிறது. அங்கிருந்து எலும்பு, ஈரல், நுரையீரல், மூளை வரை போகிறது.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் டாக்டர் டென்னிஸ் ஸ்லேமன், வெவ்வேறு கட்டிகளைச் சேர்த்துச் சேர்த்து உறைநிலையில் வைத்திருந்தவர். ஜெர்மன் விஞ்ஞானி ஆக்செல் உல்ரிச்சிடம் தனியாகப் பிரித்தெடுத்த ஹெர்-2 மரபணு இருந்தது. இவருடைய கட்டிகள், அவருடைய மரபணு. 1987இல் 189 மார்பகக் கட்டிகளின் முடிவு வெளிவந்தது. ஏறக்குறைய 30 சதவீதத்தில் அந்த மரபணு பெருகியிருந்தது. அந்தப் பெண்களுக்குத்தான் நோய் சீக்கிரம் திரும்பியது, ஆயுளும் குறைந்தது. பலர் நம்பவில்லை. மருந்து செய்ய வேண்டிய நிறுவனமே தயங்கியது. ஸ்லேமன் விடவில்லை, விமானம் ஏறிப் போய்ப் போய் வாதாடினார். 1998இல் ஹெர்-2வைத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் ஊசிக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அந்தப் பிடிவாதத்தால் இன்று எத்தனை அம்மாக்கள் வீட்டில் நடமாடுகிறார்கள்!

ஆகவே உங்கள் ரிப்போர்ட்டில் ஹெர்-2 வரியில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 3 என்றால் சாயம் ஏற்றிப் பார்த்தபோது செல்லைச் சுற்றிப் பழுப்பு வளையம் அழுத்தமாக விழுந்திருக்கிறது, பாசிட்டிவ். 2 என்றால் முடிவு தெரியவில்லை என்று பொருள்; மரபணு பெருகியிருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் டெஸ்ட் செய்தே ஆகவேண்டும். திரும்பவும் சொல்கிறேன், 2 வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். விலையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். 2014 முதல் இந்தியத் தயாரிப்பு ஊசியும் கிடைக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். இன்னொன்று: டிராஸ்டுசுமாப் ஊசி சிலருக்கு இதயத்தைப் பலவீனமாக்கும். இடையிடையே எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ அடுத்த ஊசித் தேதி வரை காத்திருக்காமல் உடனே போய்ச் சொல்லுங்கள். வணக்கம்.