கூடாரத்துக் கலெக்டர் தாமஸ் மன்றோ

பெரியோர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்னை தீவுத்திடல் பக்கம் போனவர்கள் அந்தக் குதிரைச் சிலையைப் பார்த்திருப்பீர்கள். சேணமும் கிடையாது, அங்கவடியும் கிடையாது. சிற்பி மறந்துவிட்டார் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதன்மேல் உட்கார்ந்திருப்பவர் சர் தாமஸ் மன்றோ. நம் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பட்டாவுக்கும் அவருக்கும் இருக்கிற தொடர்பைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

1761-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். அப்பாவின் வியாபாரம் நொடித்துப்போக, 1780-ல் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து சென்னைக்கு வந்து இறங்கினார். வந்த வருஷமே ஹைதர் அலியோடு போர். அந்தக் காலத்தைப் பற்றித் தங்கைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். மூன்று வருஷம் தலைக்கு வைத்துக்கொள்ள ஒரு புத்தகமோ, தோட்டாப் பையோதான் இருந்ததாம். நான்கு குச்சிகளில் இழுத்துக் கட்டிய கித்தான்தான் படுக்கை. பசி, தாகம், வறுமை எல்லாவற்றையும் இந்தியாவுக்கு வந்துதான் கண்டேன் என்கிறார். இந்த ஊர் வெயிலை உடம்பில் வாங்கியவர் என்பதை மறக்காமல் மேலே கேளுங்கள்.

1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் வட்டாரம், கும்பினி கைக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளராக மன்றோ வந்தார். ஏழு வருஷம் கூடாரமும் குதிரையுமாக ஊர் ஊராகத் திரிந்தார். குடியானவரோடு அவர்கள் மொழியிலேயே பேசினார். வங்காளத்தில் 1793-ல் ஜமீன்தார்களிடம் நிலத்தை ஒப்படைத்துவிட்டு, தொகையை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். இங்கே ரீடும் மன்றோவும் ஒவ்வொரு வயலையும் அளந்து, தீர்வை, அதாவது நிலவரி கட்டி, உழுகிறவன் பேரிலேயே பட்டா கொடுத்தார்கள். அதுதான் ரயத்துவாரி. என் தாத்தாவின் தகரப்பெட்டியில் இருந்த மக்கிய பட்டாவில் அவர் பேரும், புன்செய்யின் அளவும், தீர்வையும் தனித்தனியாக இருந்தன. சர்க்காரின் கணக்கில் ஒரு சாதாரண உழவனுக்கு ஒரு வரி இடம்! எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

சரி, இதன் மறுபக்கத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 1800-ல் கடப்பை, பெல்லாரி பகுதிக்குத் தலைமைக் கலெக்டராகப் போனார். அங்கே பாளையக்காரர்களைப் படைபலத்தால் அடக்கினார். விளைச்சலில் ஏறக்குறைய 45 சதவீதம் தீர்வை. கனம் தாங்காது என்று அவருக்கே தெரிந்தது. கால்பங்கு குறைக்கச் சொல்லி 1807-ல் எழுதினார். கும்பினி கேட்கவில்லை. 1820-ல் அவரே சென்னைக்கு கவர்னராக வந்த பிறகுதான் குறைந்தது. இடைப்பட்ட 13 வருஷமும் அந்தச் சுமையைச் சுமந்தவர் யார்? பட்டாவில் பேர் உள்ள அதே உழவர்தான். அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இடையில் 1817-18 மராட்டியப் போரில் பிரிகேடியர் ஜெனரலாகவும் படை நடத்தினார். கவர்னராக இருந்தபோது ஊர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று 1826-ல் எழுதினார். பெரிய பதவிகளை இந்தியருக்கு மறுப்பது அவர்களைச் சிறுமைப்படுத்தும் என்று 1824-ல் எழுதியவரும் இவர்தான். ஆனால் அதற்கு இரண்டு வருஷம் முன்பு, அந்நியர் ஆட்சியும் பத்திரிகைச் சுதந்திரமும் ஒத்துப்போகாது என்று எதிர்த்தார். சுதந்திரத்தை அல்ல, ஆட்சியைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். அதில் நான் அவரோடு இல்லை.

சீமைக்குத் திரும்பும் முன், கடப்பை, பெல்லாரிப் பக்கத்துப் பழைய ஜனங்களை ஒருதடவை பார்த்துவிட்டு வரலாம் என்று 1827-ல் கிளம்பினார். கர்நூல் பக்கம் பத்திகொண்டாவில் காலரா கண்டது. ஜூலை 6 அன்று இறந்துபோனார். அந்த வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு ‘மன்றோலப்பா’ என்று பேர் வைத்தார்கள்.