மியூனிக் மாநகராட்சி சொல்லும் கணக்கு

வணக்கம் நேயர்களே.

சொத்து வரி ரசீது, பிறப்புச் சான்றிதழ், கட்டட அனுமதி எல்லாமே இன்று மென்பொருள் வழியாகத்தான் வருகின்றன. நம் வரிப்பணத்தில் சாலை போட்டால் அது ஊர்ச் சொத்து. மென்பொருளுக்குக் கொடுக்கும் பணத்தில் ஊருக்கு என்ன சொந்தமாகிறது? பெரும்பாலும் ஒன்றுமில்லை. உரிமக் கட்டணம் கட்டும்வரை பயன்படுத்தலாம், அவ்வளவுதான். இதற்கு மாற்றுதான் திறமூல மென்பொருள்: அதன் மூலநிரலை, அதாவது நிரலாளர் எழுதிய வரிகளை, யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பயன்படுத்தலாம்.

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி இந்தக் கேள்வியை 2003-லேயே எதிர்கொண்டது. அங்கே ஏறத்தாழ 14,000 கணினிகளில் மைக்ரோசாஃப்டின் பழைய இயங்குதளமான விண்டோஸ் என்டி 4 ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தவிருந்தது. எப்போது மாற்றுவது என்பதை நகரம் தீர்மானிக்கவில்லை, விற்றவர் தீர்மானித்தார். லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்துக்குப் போகலாமா என்று நகரமன்றம் யோசித்தபோது, மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மரே நேரில் வந்து மேயர் கிறிஸ்டியான் உடேவைச் சந்தித்தார். விலையும் குறைந்தது. ஒரு நகரம் ‘வேறு வழி இருக்கிறது’ என்று சொன்னதற்கே இவ்வளவு மதிப்பு! ஆனாலும் மன்றம் லினக்ஸ் பக்கமே வாக்களித்தது.

மாறுவதற்குப் பத்தாண்டு பிடித்தது. இயங்குதளத்தைவிட அலுவலகப் படிவங்கள்தான் பாடாய்ப் படுத்தின. ஒவ்வொரு துறையும் தனக்கென்று கடித மாதிரிகள், மேக்ரோக்கள் எனப்படும் சிறு தானியங்கி நிரல்கள் என்று ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தது. அவற்றை ஒழுங்குபடுத்த நகர ஊழியர்களே ‘வோல்மக்ஸ்’ என்ற கருவியை எழுதினார்கள். பிறகு அதைத் திறமூலமாக வெளியிட்டார்கள். எந்த ஊரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

2012-ல், ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்றது மாநகராட்சி. மைக்ரோசாஃப்ட் கேட்டு எழுதப்பட்ட ஓர் ஆய்வு அதை மறுத்தது. மிச்சக் கணக்கில் எப்போதும் சண்டை வரும். திறமூலம் என்றால் இலவசம் என்று நானும் சொல்ல மாட்டேன். பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் பணம் வேண்டும். ஆனால் அது உள்ளூர் ஊழியரின் திறமையாக ஊரிலேயே தங்கும்.

சரி, மியூனிக் 2017-ல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்ததே என்று கேட்பீர்கள். உண்மைதான். மேயர் மாறினார், அரசியலும் மாறியது. அதற்கு முன் வந்த ஆலோசனை அறிக்கையே, சிக்கலின் பெரும்பகுதி மென்பொருளில் இல்லை, கணினிப் பிரிவுகளின் நிர்வாக அமைப்பில் இருக்கிறது என்று சொன்னது. திரும்புவதற்கு ஆன மதிப்பீடு ஏறத்தாழ ஐந்து கோடி யூரோ. நிர்வாகக் கோளாறை உரிமம் வாங்கித் தீர்க்கப் பார்த்தார்கள் என்பது என் கருத்து. அதே நாட்டில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 2024-ல் 30,000 கணினிகளை லிப்ரே ஆபீஸ் என்ற திறமூல அலுவலக மென்பொருளுக்கு மாற்ற முடிவெடுத்தது. 2025-ல் மின்னஞ்சலையும் திறமூலத்துக்கு மாற்றி முடித்தது.

நமக்கும் வழி இருக்கிறது. மத்திய அரசின் 2015-ஆம் ஆண்டுக் கொள்கை, டெண்டரில் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. அதை ஒதுக்கினால் காரணம் காட்ட வேண்டும். மாநிலங்கள் விரும்பினால் பின்பற்றலாம். உள்ளாட்சிகளுக்கென்றே எழுதப்பட்ட ‘டிஜிட்’ என்ற திறமூலத் தளத்தைப் பஞ்சாப் நகரங்கள் பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு நகராட்சியும் அதே வரி வசூல் மென்பொருளைத் தனித்தனியாக வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

உங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்று அறிய, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க்கு ஒரு மனு போதும். மென்பொருளுக்கு ஆண்டுதோறும் எவ்வளவு போகிறது, மூலநிரல் யார் கையில் இருக்கிறது, ஒப்பந்தம் முடிந்தால் நம் தரவு எந்த வடிவத்தில் திரும்பி வரும் என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலை உங்கள் வார்டு உறுப்பினரிடம் கொடுத்து, அடுத்த மன்றக் கூட்டத்தில் பேசச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.