தாடையிலிருந்து காதுக்கு

வணக்கம் நேயர்களே. காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் ஒரு விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். பஸ்ஸில் இருப்பவர்கள் வேண்டாம், பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். விரலுக்கடியில் அசைகிறதே, அதுதான் தாடை மூட்டு.

நடுக்காதில் மூன்று குட்டி எலும்புகள்: சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு. பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியிருப்பீர்கள். முதல் இரண்டும் ஊர்வனவற்றில் தாடை மூட்டாக இருப்பவை. உங்கள் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்குக் காதில் ஒரே எலும்புதான். மற்ற இரண்டும் இன்னும் வாயில், நம்மில்தான் அவை காதுக்கு வந்துவிட்டன. 1837இல் ஜெர்மனியின் கார்ல் ரைஷர்ட் பன்றி முளையங்களை ஆராய்ந்து இந்தத் தொடர்பைச் சொன்னார். டார்வினின் நூல் வந்தது 1859இல், ஆகவே ரைஷர்ட் கூர்ப்பை, அதாவது உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறிவந்ததை, நிரூபிக்கவென்று கங்கணம் கட்டிக்கொண்டு தேடியவரல்ல.

இதைப் படிப்பிக்கும்போதெல்லாம் ஏ.எல். வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை எழும்பும். "சேர், அம்மா பால்மா டின்னில அரிசி அளக்கிறா. யோசிச்சுத்தானே எடுத்தா? அப்ப எலும்பை மாத்தினதும் ஒருத்தர்தானே?" நல்ல கேள்வி, சிரித்து மழுப்பக் கூடாது. அம்மாவுக்கு அரிசி அளக்க வேண்டும் என்று முதலே தெரியும். எலும்புக்கு அப்படி ஒரு குறி தேவைப்படவில்லை, மூட்டாக இருந்த காலத்திலேயே அது அதிர்வைக் கடத்திக்கொண்டுதான் இருந்தது. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மோர்கனுகோடன் என்ற சின்னப் பிராணியின் புதைபடிவத்தில் பல்லியிடம் இருக்கிற பழைய மூட்டும், உங்கள் விரலுக்கடியில் அசைந்த புதிய மூட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கடிக்கிற வேலையைப் புதியது ஏற்க ஏற்க, பழைய எலும்புகள் சிறுத்துக் கேட்கும் வேலைக்கு இன்னும் தோதாகின. நடுவில் எந்தக் கட்டத்திலும் பிராணி பட்டினி கிடக்கவில்லை, செவிடாகவும் இல்லை. ஒப்பொசம் என்ற, கங்காருவைப் போன்ற பைப் பாலூட்டியின் குட்டி பிறந்த புதிதில் இன்றைக்கும் அந்தப் பழைய மூட்டோடுதான் பால் குடிக்கிறது.

சரி, அப்போ எல்லாம் குருட்டு அதிர்ஷ்டமா? இல்லை. விகாரம், அதாவது மரபணுவில் மாற்றம், வருவது தற்செயல், எது தங்கும் என்பது தற்செயல் இல்லை. திரும்பவும் சொல்கிறேன், தங்குவது தற்செயல் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் எனக்குக் கோபம் வரும். நானும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவன்தான். கடவுள் உண்டா என்று எலும்பைக் கேட்டால் அது பதில் சொல்லாது. ஆனால் முதலிலேயே வரைபடம் போட்டுச் செய்திருந்தால், கருவில் சம்மட்டியுருவைத் தாடைக் குருத்தெலும்போடு ஒட்டவைத்து, பிறகு பிரித்தெடுக்கிற வீண் வேலை எதற்கு?

இறகைப் பற்றியும் சொல்ல வந்தேன், கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். அப்புறம், பழையது புது வேலைக்குப் போனதற்கு இன்னும் ஒன்றே ஒன்று: வாத்தின் கண்வில்லையில் நிறைந்திருக்கும் ஒரு புரதம், உடலின் மற்ற இடங்களில் லக்டிக் அமிலத்தைக் கையாளும் நொதியமேதான், மரபணுவும் அதே மரபணு. இறகு இன்னொரு நாளைக்கு. வணக்கம்.