அவன் திரும்பி வரத்தான் போகிறான்

நடுவர் அவர்களே, எதிரணியினரே, ராயபுரத்துப் பெருமக்களே, வணக்கம்.

"பாலியல் குற்றம் இழைத்த சிறுவர்களுக்குத் தேவை கடும் தண்டனையே" என்று வாதாடிய எதிரணி அண்ணன், "அதைச் செய்யும்போது பெரியவன், தண்டனை என்றதும் சின்னப் பையனா?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். பெண் பிள்ளையைப் பெற்ற எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால், உள்ளே போனவன் வெளியே வந்த பிறகு என்ன என்பதைச் சொல்லாமலே அண்ணன் அமர்ந்துவிட்டார். அதனால்தான் எங்கள் அணி கேட்கிறது, இவர்களுக்குத் தேவை சிகிச்சையும் மறுவாழ்வும் என்று.

2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி குற்றம் செய்த சிறுவர்களை வைத்துத் திருத்தும் சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் 3 ஆண்டுகள்தாம். 16 வயது நிரம்பியவன் கொடுங்குற்றம் செய்தால் பெரியவர்களைப் போல விசாரிக்கலாம். அப்போதும் தூக்கு இல்லை. விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையும் இல்லை. ஆக, வருவான். காசிமேட்டுக்கோ வியாசர்பாடிக்கோ, புறப்பட்டுப் போன அதே தெருவுக்குத்தான் வருவான்.

சிகிச்சை என்றால் தலையைத் தடவிக்கொடுப்பது என்று நினைக்கிறார்கள். இல்லை ஐயா! செய்ததை அவன் தன் வாயால் சொல்ல வேண்டும். "விளையாட்டுக்குச் செய்தேன்", "அவள் ஒன்றும் சொல்லவில்லையே" என்ற சாக்குகளை ஆலோசகர் ஒவ்வொன்றாக உரிப்பார். பெற்றவர்களும் உடன் உட்கார வேண்டும். "என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை" என்னும் தாயை வழிக்குக் கொண்டுவருவதுதான் இதில் பெரும்பாடு.

அமெரிக்காவில் போர்டுயின் என்னும் உளவியல் ஆய்வாளரின் குழுவினர் இப்படிப்பட்ட 48 சிறார்களை ஏறத்தாழ 9 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். குடும்பத்தோடு சிகிச்சை பெற்றவர்களில் மீண்டும் பாலியல் குற்றத்தில் சிக்கியவர்கள் 8 சதவீதம். வழக்கமான சேவை மட்டும் பெற்றவர்களில் 46 சதவீதம். சிறிய ஆய்வுதான். ஆனால் இடைவெளி சிறியதா?

வீடு திரும்புகிறவனுக்கு முதல் கட்டுப்பாடு, சிறு குழந்தைகளோடு தனியே இருக்கக் கூடாது என்பது. நம் வாரியக் குடியிருப்பில் இருப்பது ஓர் அறை. அம்மா விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போய்விடுவாள்; அப்பாவுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை; பக்கத்துப் பாயில் எட்டு வயதுத் தங்கை. அவனை அத்தை வீட்டில் தங்க வைப்பதா, பாட்டியை இங்கே வரவழைப்பதா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவுசெய்ய அவனைக் கண்காணிக்கும் நன்னடத்தை அலுவலர் அந்தப் படியேறி வர வேண்டும். நாங்கள் கேட்கும் மறுவாழ்வு அதுதான். எதிரணியின் தண்டனைக் கணக்கில் அந்தத் தங்கைக்கு எந்த வரியில் இடம் என்று அடுத்துப் பேச வருபவர் சொல்லட்டும். மணி அடித்துவிட்டது, அமர்கிறேன்.