முட்டைக்குப் பக்கத்தில் இருந்த பாக்கெட்: கோஸ்ட்பஸ்டர்ஸ் கிளைமாக்ஸ் ரகசியம்

நூறு அடி உயரம். தலையில் மாலுமித் தொப்பி. கன்னம் உப்பச் சிரித்துக்கொண்டு ஒரு மிட்டாய்ப் பொம்மை நியூயார்க் தெருவில் நடந்து வருகிறது. எதற்கு? உலகத்தை அழிக்க! 1984-இல் வந்த கோஸ்ட்பஸ்டர்ஸ் படத்தின் கிளைமாக்ஸ் இது. சிரிப்புக்காக எங்கிருந்தோ இழுத்து வந்து நிறுத்திவிட்டார்கள் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆனால் அந்தப் பொம்மை படத்தின் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. எங்கே என்று சொல்கிறேன், இருங்கள்.

கதையை ஓட்டிவிடுவோம். டேனா என்ற பெண்ணின் அபார்ட்மெண்டில் பேய். ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே வேறொரு உலகம். கோசர் என்ற பழங்காலத் தெய்வத்தை வரவழைப்பதற்கென்றே ஒரு கிறுக்கர் வடிவமைத்த கட்டடம் அது. நம் நான்கு பேய் பிடிப்பவர்களும் மொட்டைமாடிக்கு ஏறுகிறார்கள். சரி, கிளைமாக்ஸ் வந்தாச்சு.

கோசர் கேட்கிறது: உங்களை அழிக்க நான் என்ன உருவத்தில் வரட்டும்? யாரும் எதையும் நினைக்காதீர்கள், மனதைக் காலியாக வையுங்கள் என்று நால்வரில் ஒருவரான பீட்டர் கத்துகிறார். மூன்று பேர் சமாளித்துவிடுகிறார்கள். ரே மட்டும் திருதிருவென்று விழிக்கிறார். யாருக்கும் கெடுதல் செய்யவே முடியாத ஒன்றை நினைத்தால் தப்பிக்கலாம் என்று அவர் நினைத்தது, சின்ன வயதில் முகாமில் நெருப்பில் வாட்டித் தின்ற மார்ஷ்மெல்லோவின் விளம்பரப் பொம்மை. மார்ஷ்மெல்லோ தெரியும்தானே? பஞ்சு மாதிரி அமுங்கும் வெள்ளை மிட்டாய்.

இப்போது ரீவைண்ட். டேனா கடையிலிருந்து வந்து சாமான்களை எடுத்து வைக்கிறாள். முட்டைகள் தானாகத் துள்ளி உடைந்து, அடுப்பே இல்லாமல் சமையல் மேடையிலேயே பொரிகின்றன. நம் கண் முழுக்க முட்டை மேல். பக்கத்தில் என்ன இருக்கிறது? அதே மார்ஷ்மெல்லோ பாக்கெட்! அப்புறம், அடைத்து வைத்த பேய்கள் எல்லாம் தப்பிக்கிற காட்சியில், ஒரு கட்டடச் சுவரில் அதே பொம்மையின் விளம்பரம். இரண்டு தடவை காட்டியிருக்கிறார்கள். நானோ முட்டையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்தது. ரே சின்ன வயதில் எதை நெருப்பில் வாட்டினாரோ, அதே மார்ஷ்மெல்லோ இப்போது கட்டடத்தின் மேல் தீப்பிடித்து எரிகிறது. வாட்டினால் இனிக்க வேண்டியது, இன்னும் கோபமாக மேலே ஏறி வருகிறது! வழியில் ஒரு தேவாலயத்தை வேறு மிதித்துவிட்டது. அந்தத் தேவாலயம் படத்துக்காகப் போட்ட செட் இல்லை. படம் எடுத்த 55 சென்ட்ரல் பார்க் வெஸ்ட் கட்டடத்துக்குப் பக்கத்தில் நிஜமாகவே இருக்கிறது.

முடிவு? பேய் பிடிக்கும் துப்பாக்கிகளின் கதிர்களை ஒன்றோடொன்று குறுக்கே விடவே கூடாது என்று நால்வரில் இன்னொருவரான ஈகன் முன்பே எச்சரித்திருந்தார். கடைசியில் அதைத்தான் செய்கிறார்கள். கோசர் வந்த வாசல் மூடுகிறது, பொம்மை வெடிக்கிறது, பேய் பிடித்து நாயாக மாறியிருந்த டேனா கருகிய நாய்ச்சிலைக்குள்ளிருந்து உயிரோடு வருகிறாள். மேலிருந்து கொட்டுகிற வெள்ளைக் குழம்பு என்ன தெரியுமா? ஷேவிங் கிரீம். படம் முழுக்கக் குடைச்சல் கொடுத்த அதிகாரி தலையிலும் ஒரு குவியல். நியாயம்தான்.

அந்த மாடியில் நீங்கள் நின்றிருந்தால் மனதில் என்ன வந்திருக்கும்? கமெண்டில் போடுங்கள். எனக்குத் தேன்மிட்டாய். நூறு அடி உயரத்தில் உருண்டு வரும், ஓட்டை விழுந்தால் தெருவெல்லாம் பாகு.