புள்ளியை யார் நகர்த்துவது?

(கணித ஆசிரியர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

கணித வகுப்பில் டிஜிட்டல் தொழில்நுட்பம் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். திரையில் ஒரு புள்ளி இருக்கிறது. அதை நகர்த்துவது ஆசிரியரா, மாணவரா? யாருமே தொடாமல், எப்போதோ எடுத்து வைத்த வீடியோ தானாக நகர்த்துகிறதா? ஸ்மார்ட் கிளாஸ் வந்த பல இடங்களில் கடைசியாகச் சொன்னதுதான் நடக்கிறது. விளக்கை அணைக்கிறோம், படம் ஓடுகிறது, பிள்ளைகள் சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்த மாதிரி பார்க்கிறார்கள். அந்த அமைதியைக் கவனம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

குழந்தை கணினியைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அதற்கு வேலை சொல்ல வேண்டும் என்று 1967-லேயே நினைத்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் முதலியோர் உருவாக்கிய லோகோ என்ற கணினி நிரல்மொழி அப்படிப்பட்டது. போகும் வழியில் கோடு வரையும் ஓர் ஆமை இருக்கும். 100 அலகு போ, 90 பாகை திரும்பு என்று நான்கு முறை சொன்னால் சதுரம் வந்துவிடும். சரி, சமபக்க முக்கோணம்? பிள்ளை தயங்காமல் 60 என்று கொடுக்கும். கோணம் 60 என்றுதானே படித்திருக்கிறது! ஆமை மூன்று பக்கம் போய், புறப்பட்ட இடத்துக்குத் திரும்பாமல், பாதி அறுகோணத்தை வரைந்துவிட்டு நிற்கும். ஆமை திரும்ப வேண்டியது வெளிக்கோணம், அதாவது 120 பாகை. இதைப் பிள்ளை தானே கண்டுபிடித்துத் திருத்தும்போது, வெளிக்கோணங்களின் கூடுதல் 360 என்பதை யாரும் மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டியதில்லை. லோகோ கிடைக்காவிட்டால், பிள்ளைகளுக்கான இன்னொரு நிரல்மொழியான ஸ்க்ராட்சில் இதை அப்படியே செய்யலாம்.

இப்போது நம் கைக்கு எளிதாகக் கிடைப்பது, வடிவங்களை வரைந்து இழுத்துப் பார்க்க உதவும் ஜியோஜீப்ரா. ஆஸ்திரியாவில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் மாணவராக இருந்தபோது, 2001 வாக்கில், சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மென்பொருள். வகுப்பில் பயன்படுத்தக் காசு கேட்பதில்லை. கணினியில் நிறுவிவிட்டால் இணையமும் வேண்டாம். நம் பாடநூலில் 'இணையச் செயல்பாடு' என்று கியூஆர் குறியீட்டோடு ஒரு பக்கம் வருகிறதே, அதில் பெரும்பாலும் இருப்பது இதுதான். தேர்வுக்கு வராது என்று நாம் புரட்டிவிட்டுப் போகும் பக்கம்.

இதில் ஒரு சதுரம் வரையச் சொல்லுங்கள். சிலர் கண்ணளவில் நான்கு புள்ளி வைத்து இணைப்பார்கள். பார்க்கச் சதுரம்தான். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் கோணலாகிவிடும். செங்குத்துக் கோடும் வட்டமும் போட்டு அமைத்தவரின் சதுரம், எப்படி இழுத்தாலும் பெரிதாகும், சிறிதாகும், திரும்பும், ஆனால் சதுரமாகவே இருக்கும். பார்வைக்குச் சதுரம் என்பதற்கும் பண்புகளால் சதுரம் என்பதற்கும் உள்ள தூரத்தைச் சாக்பீஸால் காட்டுவது கடினம். கரும்பலகையில் வரைந்த படம் நகராது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. ஏதாவது ஒரு நாற்கரம் வரைந்து, நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் வரிசையாக இணைக்க வேண்டும். சுட்டியைத் தொடுவதற்கு முன்னால் கேளுங்கள்: உள்ளே என்ன வடிவம் வரும்? நோட்டில் எழுதி வைக்கட்டும். எழுதாமல் திரையைப் பார்த்தால் 'எனக்கு அப்பவே தெரியும் சார்' என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள்! உள்ளே வருவது இணைகரம். முனையை இழுக்கட்டும், மறுபடியும் இணைகரம். ஒரு முனையை உள்ளே தள்ளி நாற்கரத்தை அம்பு முனை போல ஆக்கினாலும் இணைகரம். பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டும்படி முறுக்கினாலும் விடாது. பிரெஞ்சுக் கணிதர் பியர் வரிஞ்ஞோன் கண்ட இந்த முடிவு, அவர் இறந்த பிறகு 1731-ல் அச்சானது.

ஆசிரியரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. ஏன் என்று திரை சொல்லாது. நீங்கள் ஒரு மூலைவிட்டத்தை மட்டும் வரைந்துவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். நாற்கரம் இரண்டு முக்கோணமாகும். ஒவ்வொன்றிலும் இரு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு மூன்றாம் பக்கத்துக்கு இணை, நீளம் அதில் பாதி. பத்தாம் வகுப்பில் அடிப்படை விகிதசமத் தேற்றத்தின் மறுதலையை நடத்துகிறோமே, அந்த இணைத்தன்மை அதிலிருந்து நேராக வந்துவிடும். ஆக, எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் ஒரே மூலைவிட்டத்துக்கு இணை, அதில் பாதி. முடிந்தது நிரூபணம். இதற்குக் கணினி தேவையில்லை. ஆனால் இந்த நிரூபணம் வேண்டும் என்ற ஆசையைக் கணினிதான் உண்டாக்கியது.

அப்புறம் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். உள்ளே சதுரம் வர வேண்டும், வெளியே எப்படிப்பட்ட நாற்கரம் வேண்டும்? 'வெளியேயும் சதுரம்' என்பார்கள். அது போதும், ஆனால் கட்டாயமில்லை. மூலைவிட்டங்கள் சமமாகவும் செங்குத்தாகவும் இருந்தால் போதும். சதுரமே இல்லாத அப்படி ஒரு நாற்கரத்தை இழுத்து இழுத்துப் பிடிப்பதில் ஒரு பாடவேளை போய்விடும். போகட்டும். பாடத்திட்டம் முடியாதே என்று உங்களில் சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. அந்த ஒரு பாடவேளையில் நடுப்புள்ளி, இணைகரம், மறுதலை, தேவை, போதுமானது என்று எத்தனை பாடங்கள் ஓடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

கணினி சொன்னால் சரி என்ற நம்பிக்கை பிள்ளைகளிடம் மட்டுமா இருக்கிறது? ஒரு முக்கோணத்தின் கோணங்களைத் திரை 47.13, 61.44, 71.44 என்று காட்டுகிறது. கூட்டினால் 180.01. தேற்றம் பொய்த்துவிட்டதா? மூன்று எண்களும் இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கப்பட்டவை, அவ்வளவுதான். பைத்தான் என்ற நிரல்மொழியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று வரும். பத்தில் ஒன்றை, கணினி பயன்படுத்தும் 0, 1 மட்டும் கொண்ட இரண்டடிமான முறையில் முடிவுறு தசமம் போல எழுத முடியாது, மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று எழுதிக்கொண்டே போவது போல நீளும். இதை மறைத்துவிட்டு நடத்துவதைவிட, இதையே பாடமாக்குவது நல்லது.

செல்பேசிக் கதைக்கு வருகிறேன். 2014-ல் போட்டோமேத் என்ற செயலி வந்ததிலிருந்து, கணக்கைப் படம் பிடித்தால் படிப்படியாக விடை வந்துவிடுகிறது. இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு. வீட்டுப்பாடம் செத்துவிட்டது என்கிறார்கள். செத்தது சில வகைக் கேள்விகள்தான், அவற்றுக்காக நான் பெரிதாக அழப் போவதில்லை. x² − 5x + 6 = 0 என்பதன் தீர்வை இயந்திரம் ஒரு நொடியில் கொடுத்துவிட்டுப் போகட்டும். நீங்கள் 6 இருந்த இடத்தில் c என்று போட்டு, அதன் மதிப்பை இழுத்து மாற்ற ஒரு ஸ்லைடர் வைத்து, y = x² − 5x + c என்ற பரவளையத்தைப் பிள்ளையிடம் கொடுங்கள். c ஏற ஏறப் பரவளையம் மேலே போகிறது. அது x அச்சை வெட்டும் இரண்டு புள்ளிகளும் நெருங்குகின்றன. எந்த இடத்தில் ஒன்றாகின்றன? 6.25-ல். அதற்கு மேல்? காணோம். நெருங்கும்போது இரண்டும் 2.5-க்கு இருபுறமும் எப்போதும் சம தூரத்தில் இருக்கின்றனவே, அது எதனால்? மூலங்களின் கூடுதல் 5 என்பதைச் சூத்திரமாகச் சொல்வதற்கு முன்னால் பிள்ளை அதைப் பார்த்துவிடுகிறது. 'நீ பார்த்ததை எழுதிக்கொண்டு வா' என்று அனுப்பினால், பார்த்து எழுதியவர் யார், நகலெடுத்தவர் யார் என்று இரண்டு துணைக் கேள்வியில் தெரிந்துவிடும்.

வசதிக் குறைபாடு பற்றிக் கேட்பீர்கள். நியாயம். ஹைடெக் லேப் இருக்கும் பள்ளியிலும் எல்லா வகுப்புக்கும் நேரம் கிடைப்பதில்லை, மின்சாரமும் இணையமும் நாம் அழைத்த நேரத்துக்கு வருவதில்லை. ஒரே மடிக்கணினியும் புரொஜெக்டரும்தான் என்றால், சுட்டியை நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாணவி முன்னால் வந்து நகர்த்தட்டும், மற்றவர்கள் எங்கே நகர்த்த வேண்டும் என்று கத்தட்டும். கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கும்.

மதிய உணவுக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மேசைக்கு ஒரு மடிக்கணினி வைத்திருக்கிறோம். ஒரு வட்டத்தின் மேல் புள்ளிகளை வைத்து, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணையுங்கள். வட்டம் எத்தனை பகுதியாகிறது? ஒரு புள்ளிக்கு 1, பிறகு 2, 4, 8, ஐந்து புள்ளிக்கு 16. ஆறு புள்ளிக்கு எவ்வளவு என்று முதலில் தாளில் எழுதுங்கள். அதன் பிறகு ஒழுங்கு அறுகோணமாகப் புள்ளி வைத்து எண்ணுங்கள், 30 வரும். ஒரு புள்ளியைச் சற்றே நகர்த்தி மறுபடி எண்ணினால் 31. 32 எங்கே போனது, அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று மேசைக்கு ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். மடிக்கணினியைத் திறக்கலாம்.