82.4-ன்னு புள்ளி வச்சுக் காட்டுது, நம்பலாமா? காளான் குடில் மீட்டர் கடுப்பு

வாங்க மக்களே. இன்னைக்குக் காளான் பறிக்கிற வீடியோதான் போடுறதா இருந்துச்சு. இந்தா இதைப் பாத்ததும் கடுப்பாயிருச்சு, அதனால இதைப் பேசிருவோம்.

ஹியூமிடிட்டி மீட்டர், காத்துல இருக்க ஈரத்தைச் சதவீதத்துல காட்டுற கருவி. டவுன்ஹால் ரோட்டுல ஒரு கடையில 550 சொன்னாப்ல, பேசி 450க்கு முடிச்சேன். பேட்டரி இருக்கான்னா ‘உள்ளேயே இருக்குண்ணே’ன்னாப்ல. திருமங்கலம் வந்து பிரிச்சா வெறும் குழி! ரெண்டு பென்சில் பேட்டரிக்கு 40 ரூபா. அப்ப 490. வண்டி நிறுத்துனதுக்கு 10, அதை விடுங்க... ஏன் விடணும்? 500!

ஆனா கடுப்பு அதுக்கில்ல. டப்பா மேல கொட்டை எழுத்துல ‘ஆக்குரசி 0.1’னு போட்டிருக்கான். அது ரெசல்யூஷன்யா! எவ்வளவு சின்ன மாற்றத்தைத் திரை காட்டும்ங்கிறது அது. காட்டுற நம்பர் நெசத்துக்கு எவ்வளவு பக்கத்துல இருக்குங்கிறதுதான் ஆக்குரசி. செகண்ட் முள் அழகா ஓடுற கடிகாரம் பத்து நிமிஷம் பிந்தியிருந்தா பஸ்ஸைப் பிடிச்சிருவீங்களா? உள்ள மடிச்சிருக்க பேப்பர்ல பொடி எழுத்துல ‘பிளஸ் ஆர் மைனஸ் 5’ங்கிறான். அப்ப 82.4-ங்கிறது 77ஆவும் இருக்கலாம், 87ஆவும் இருக்கலாம். சிப்பிக் காளானுக்கு 80, 85 வேணும். அந்தப் புள்ளி நாலை வச்சு நான் என்ன செய்ய?

விடுவேனா! மூடியில தூள் உப்பு, சொட்டுச் சொட்டாத் தண்ணி, மீட்டரோட சேத்து காத்துப் போகாத டப்பாவுல போட்டு ராத்திரி முழுக்க மூடிட்டேன். உள்ள ஈரம் 75ல நிக்கும், அது உப்போட குணம். வெக்கை கொஞ்சம் ஏறி இறங்குனாலும் பெருசா மாறாது. இவரு காட்டுனது 68.6! அவன் சொன்ன அஞ்சுக்குள்ளயே இல்ல. பக்கத்துல வச்ச நம்ம பழைய டிஹெச்டி22 ஈரம் அளக்குற சென்சார் சும்மா கெத்தா 74. அட, சொல்ல மறந்துட்டேன், உப்பு முழுசாக் கரைஞ்சிறக்கூடாது, ஈர மணல் மாதிரி நிக்கணும். கரைஞ்சு தண்ணியாயிட்டா 75 வராது.

நீல கலர் டிஹெச்டி11 சென்சார் வாங்கலாமான்னு கேக்குறீங்க. வேணாம். அதுவும் பிளஸ் ஆர் மைனஸ் 5தான், குடில் ஈரத்துல அதோட அளவு எல்லையில போய் முட்டும்.

இன்னொன்னு, ‘காலையில 80 காட்டுச்சு, மத்தியானம் 45, மீட்டர் போச்சா’ன்னு போன வீடியோவுல கேட்டிருந்தீங்க. போகல. அது ரிலேட்டிவ் ஹியூமிடிட்டி. அந்த வெக்கையில காத்து அதிகபட்சம் தாங்குற நீராவியில இப்ப எத்தனை சதவீதம் இருக்குங்கிற கணக்கு. 25 டிகிரியில 80 இருக்க காத்து, ஒரு பொட்டு ஈரம் குறையாம 35க்கு சூடானா 45தான் காட்டும். நம்ம மதுரை வெயிலுக்கு இது சாதாரணம். ட்யூ பாயிண்ட், அதாவது எத்தனை டிகிரிக்குக் குளிர்ந்தா அந்த நீராவி பனித்துளியா இறங்கும்ங்கிற அளவு, ரெண்டு நேரமும் 21 டிகிரி கிட்டயேதான் இருக்கும். நெசமாவே ஈரம் குறைஞ்சுச்சான்னு பாக்க அதைப் பாருங்க.

சென்சாரைத் தண்ணி தெளிக்கிற குழாய்க்கு நேர் கீழ மாட்டாதீங்க. சொட்டு ஒட்டுனா 99லயே மாட்டிக்கிரும்.

இந்த மீட்டர் நெத்தியில டேப் ஒட்டி ‘+6’னு எழுதிட்டேன். அதுவும் 75 பக்கத்துலதான் செல்லும். நமக்கு வேண்டியது 80க்கு மேல. உப்புக்குப் பதிலா பொட்டாசியம் குளோரைடு வச்சா 84 கிட்ட நிக்கும். உரக்கடைப் பொட்டாஷ்ல கலப்பு இருக்கும், அதனால சுத்தமானதா லேப் சாமான் கடையில கேட்டிருக்கேன். வந்ததும் இதே டப்பாவுல வச்சுக் காட்டுறேன்.